வாய்க்கால் கிராமமும் மேட்டுக் கிராமமும்: வன்னியில் குடியேறிய இரு சமூகங்களின் நல்வாழ்வை ஒப்பிட்ட ஒரு நிகழ்வு ஆய்வு

எழுந்த கேள்வி

இலங்கையின் வடக்கே வன்னிப் பெருநிலத்தில் உள்ள கிளிநொச்சி மாவட்டத்தில், இரணைமடுக் குளத்து நீர் பாயும் பரப்பின் விளிம்பில், ஒரு கிறவல் வீதி மட்டுமே பிரிக்கும் இரண்டு கிராமங்கள் இருக்கின்றன. வீதிக்கு ஒரு புறத்தில் இருப்பவர்கள், யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து குடியேற்றத் திட்டத்தின் கீழ்க் காணி பெற்று வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். மறுபுறத்தில் இருப்பவர்கள், மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து பசிக்கும் கலவரத்துக்கும் தப்பி வந்தவர்களின் வழியினர். ஆட்களின் தனிமையைக் காக்கும் பொருட்டு ஊர்ப்பெயர்களைத் தவிர்த்து, முதலாவதை வாய்க்கால் கிராமம் என்றும் இரண்டாவதை மேட்டுக் கிராமம் என்றும் இங்கே குறிப்பிடுகிறோம். அயலிலுள்ள பழைய வன்னிக் கிராமத்தவர்கள் இன்றும் இந்த இரு பகுதியாரையும் பிந்தி வந்தவர்களாகவே எண்ணுகின்றனர் என்பதையும் இடையில் குறித்து வைக்கலாம்.

இரு கிராமங்களுக்கும் பொதுவாக ஒரு சிக்கனக் கடனுதவுக் கூட்டுறவுச் சங்கம் உண்டு. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்டதும், அடுத்த ஆண்டு டீசலும் அரிசியும் விலையேறி நாடே தடுமாறியதும் இந்தச் சங்கத்தின் சுழற்சி நிதிக்குப் பெரும் தேவையை உண்டாக்கின. கடன் கேட்டு வந்தவர்கள் பெருகினர், கையிருப்பு பெருகவில்லை. எந்தப் பகுதி கூடுதலாக நொந்து போயிருக்கிறது, நிதியில் யாருக்கு முன்னுரிமை என்று நிர்வாகசபைக்குள் வாக்குவாதம் எழுந்தபோது, இரு சமூகங்களின் பொருளாதார, சமூக நிலையை ஒப்பிட்டுச் சொல்லும்படி எங்கள் சிறு குழுவிடம் கேட்கப்பட்டது.

பின்னணி

வாய்க்கால் கிராமத்தின் கதை குளத்தின் கதையோடு ஒட்டியது. கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுவைக் கட்டும் வேலை 1902இல் தொடங்கியது. குளத்தின் கீழ்க் காட்டை வெட்டி வயலாக்குவதற்கு, துண்டு துண்டாகப் பிரிந்துபோன தோட்டக் காணிகளில் நெருக்கியடித்து வாழ்ந்த குடாநாட்டு மக்களே முதலில் அழைக்கப்பட்டனர். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் இந்தக் குடியேற்றங்களுக்குச் சட்ட வடிவம் கொடுத்தது. உலர்வலயத் திட்டங்களின் தொடக்க காலத்தில் ஒரு குடும்பத்துக்கு 5 ஏக்கர் வயலும் 3 ஏக்கர் மேட்டுநிலமும் என்ற அளவு இருந்தது. பின்வந்தவர்களுக்கு அது படிப்படியாகக் குறைந்தது. மலேரியா, யானை, பாம்பு, பள்ளிக்கூடமில்லாத தூரம் ஆகியவற்றைத் தாங்க முடியாமல் திரும்பிப் போனவர்களும் உண்டு. தங்கி நின்றவர்களின் உழைப்பை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த உழைப்புக்குக் கீழே அரசு கொடுத்த ஓர் அனுமதிப்பத்திரமும் நீர்ப்பாசன வரைபடத்தில் இலக்கமிட்ட ஒரு வயல் துண்டும் இருந்தன.

மேட்டுக் கிராமத்தின் கதை அப்படி ஒரு திட்டத்தில் தொடங்கவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டு, எஞ்சிய 150,000 பேரைப் பின்னொரு நாளுக்கு ஒத்திவைத்தது. 1958இல் ஒரு சிறு தொகையினரும், எழுபதுகளின் முற்பகுதியில் தோட்டங்களில் பட்டினி பரவியபோது இன்னொரு தொகையினரும், 1977, 1983 ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பிறகு பெருந்தொகையினரும் வடக்கு நோக்கி வந்தனர். வவுனியாப் பகுதியில் காந்தீயம் இயக்கம் இவர்களைக் குடியமர்த்தப் பாடுபட்டது. அதன் நிறுவனர்களில் ஒருவரான மருத்துவர் இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். கிளிநொச்சிப் பக்கத்தில் நடந்தது பெரும்பாலும் வேறு வகை. இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் எழுபதுகளின் முற்பகுதியில் செத்தல் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்தபோது விசுவமடு போன்ற இடங்களில் தோட்டச் செய்கை பெருகியது. கூலிக்கு ஆள் தேவைப்பட்டது. வந்தவர்கள் கமக்காரர்களின் காணி ஓரத்திலும் காட்டு விளிம்பிலும் கொட்டில் போட்டனர். குடியுரிமை இல்லாதவருக்கு அரச காணி அனுமதிப்பத்திரம் கிடைக்க வழி இருக்கவில்லை. 1988, 2003 ஆண்டுகளின் சட்டங்கள் குடியுரிமைச் சிக்கலைத் தீர்த்தபோது, காணிக் கச்சேரி (அரச காணி பெறுவோரைத் தெரிவு செய்யும் கூட்டம்) வைத்துக் கொடுக்கக்கூடிய நல்ல காணி பெரும்பாலும் கொடுத்து முடிந்திருந்தது.

இதற்குப் பிறகு வந்த போர் இரு கிராமங்களையும் ஒரே வழியாகத் துரத்தியது. 1996 இடப்பெயர்வு, 2008 இறுதியில் தொடங்கி முள்ளிவாய்க்கால் வரை சென்ற ஓட்டம், மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாம், 2010ஐ ஒட்டிய மீள்குடியேற்றம் என எதிலும் வேறுபாடு இல்லை. வேறுபாடு திரும்பி வந்த பின் தெரிந்தது. இந்திய வீடமைப்புத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா நன்கொடை வழங்கியது. அதைப் பெறக் காணி உரிமைக்கு ஏதேனும் ஒரு சான்று காட்ட வேண்டியிருந்தது. வாய்க்கால் கிராமத்தில் வீடுகள் விரைவாக எழுந்தன. மேட்டுக் கிராமத்தில் அரச காணியில் இருந்த ஒரு பகுதியினருக்கு, கிராம அலுவலரின் கடிதத்தின் பேரில் பின்னர் வீடு கிடைத்தது. வெளிநாட்டிலிருக்கும் தனியாருக்குச் சொந்தமான காணியில் இருந்தவர்களும், வரைபடத்தில் காடென்று குறிக்கப்பட்ட நிலத்தில் இருந்தவர்களும் தகரக் கொட்டிலிலேயே நின்றனர்.

முதற் கணிப்பு

சங்கத்திடம் ஏற்கெனவே ஒரு விண்ணப்பப் படிவம் இருந்தது. குடும்ப மாத வருமானம், அங்கத்தவர் தொகை, வீட்டின் தன்மை, நோயாளர், நிலுவைக் கடன் என்பன அதில் இருந்தன. அதையே பயன்படுத்தும்படி நிர்வாகசபை கேட்டுக்கொண்டது. காலபோக (மழைக்கால நெற்செய்கை) அறுவடை முடிந்த வாரங்களில் வீடு வீடாக நிரப்பப்பட்ட அந்தப் படிவங்கள், எவரும் எதிர்பாராத விதமாக, இரு கிராமங்களின் மாத வருமானம் ஏறக்குறைய ஒன்றே என்று காட்டின. சில வட்டங்களில் மேட்டுக் கிராமமே சற்று முந்தி நின்றது.

காரணம் விளங்காததல்ல. மேட்டுக் கிராமத்தில் கணவன் மேசன் வேலைக்கோ மணல் ஏற்றவோ போகிறார். மனைவி தோட்டக் கூலிக்குப் போகிறார். மூத்த மகள் ஆடைத் தொழிற்சாலைப் பேருந்தில் விடியமுன் ஏறுகிறாள். மூன்று பேரின் காசையும் கூட்டிச் சொல்கிறார்கள். வாய்க்கால் கிராமத்தில் குடும்பத் தலைவர் மட்டும் வயற் கணக்கைச் சொல்கிறார். அதுவும் உழவு, விதை, எண்ணெய், மருந்து எல்லாம் கழித்து, கொஞ்சம் மறைத்தும் சொல்கிறார். கனடாவிலிருந்தோ சுவிஸிலிருந்தோ வரும் காசு வருமானமாகக் கருதப்படுவதில்லை. அது பிள்ளை அனுப்புவது.

இந்த முடிவு நிர்வாகசபைக்கு வந்ததும், வாய்க்கால் கிராமத்தவரே கூடுதலாக இருந்த அந்தச் சபை, இரு பகுதியும் சமமென்றால் தனி ஏற்பாடு எதற்கு என்று கேட்டது. ஒரு படிவத்தின் மேல் நின்று அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது என்பது எங்கள் கருத்து. ஒரு முழுப் பயிர்ச்செய்கை ஆண்டை இரு கிராமங்களோடும் சேர்ந்து கடந்து பார்த்த பின் பேசலாம் என்று அவகாசம் கேட்டோம். சபையும் இணங்கியது.

போகத்தோடு சேர்ந்து பார்த்தவை

முதலில் கண்ணில் பட்டது காலம். ஒக்டோபரில் மழை விழ விதைப்பு, பெப்ரவரி, மார்ச்சில் அறுவடை என்பது வன்னியின் கணக்கு. வாய்க்கால் கிராமத்துக்கு அந்தச் சுற்றில் ஒரு பெரிய வரவும், குளத்தில் நீர் இருந்தால் சிறுபோகத்தில் இன்னொரு வரவும் உண்டு; இடையில் கமநல சேவை நிலையமும் வங்கியும் பயிர்க் கடனும் உண்டு. மேட்டுக் கிராமத்துக்கு வரவு நாளாந்தம். ஆகவே நட்டமும் நாளாந்தம். நவம்பர், டிசம்பர் மழையில் மேசன் வேலை நிற்கும், மணல் ஏற்ற முடியாது, தோட்டத்தில் நீர் தேங்கும். அந்த இரண்டு மாதங்களில் அடகுக் கடையும் கிழமைக் கடனும் (வாரந்தோறும் தவணை கட்டும் நுண்கடன்) தவிர வேறு கதவு இல்லை. மார்ச்சில் கேட்டால் நல்ல வருமானம் சொன்ன அதே வீட்டில், டிசம்பரில் தோட்டைக் கழற்றி அடகு வைத்த துண்டு இருந்தது.

அறுவடை முன்பெல்லாம் மேட்டுக் கிராமத்துப் பெண்களின் பெரிய உழைப்புக் காலம். அருவி வெட்டு, கட்டுக் கட்டுதல், சூடு வைத்தல், தூற்றுதல் என வாரக்கணக்கில் வேலை. கூலியில் ஒரு பங்கு நெல்லாகவே வீடு வரும். போருக்குப் பின் வெட்டு இயந்திரம் வந்து அதை முழுதாக எடுத்துக்கொண்டது. கமக்காரரைக் குறை சொல்ல இயலாது. மழைக்கு முன் வெட்டி ஏற்ற வேண்டிய அவருக்கு இயந்திரம் மலிவு. ஆயினும் இந்த ஒரு மாற்றம் மேட்டுக் கிராமத்தின் அரிசிப் பானையை நேரடியாகத் தொட்டது. எந்தப் படிவத்திலும் அது பதியப்படவில்லை.

அடுத்தது, நீரும் அதன் பதிவும். இரணைமடுவின் கீழ்ச் சிறுபோகம் எல்லா வயலுக்கும் கிடைப்பதில்லை. குளத்தின் நீர்மட்டத்தைப் பார்த்து எத்தனை ஏக்கருக்கு நீர் விடலாம் என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானித்து, காணி உரித்துள்ளவர்களுக்கு விகிதப்படி பங்கிடுகிறார்கள். பங்கு கிடைத்தவர் தானே விதைக்கலாம், அல்லது குத்தகைக்குக் கொடுக்கலாம். உரித்தாளர் வயலில் இறங்காதவராக இருந்தாலும் பங்கு அவருக்கே. உர மானியமும் வெள்ள நட்டஈடும் பயிர்க் கடனும் வயற் காணிப் பதிவேட்டில் இருக்கும் பெயரைத் தேடியே போகின்றன. வாய்க்கால் கிராமத்து வயல்களில் ஒரு கணிசமான பங்கைக் குத்தகைக்கு எடுத்துச் செய்கிறவர்கள் மேட்டுக் கிராமத்தவர்கள். 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம் குத்தகைச் செய்கையாளரையும் பதிவு செய்ய இடமளிக்கிறது. பதிந்தால் பிறகு குத்தகைக்காரரை வயலிலிருந்து எழுப்ப முடியாது என்ற அச்சத்தால் உரித்தாளர்கள் வாய்ப்பேச்சோடு நிறுத்திக்கொள்கிறார்கள். குத்தகைக்காரரும் காணி கைவிட்டுப் போய்விடுமென்று வற்புறுத்துவதில்லை.

ஒரு பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு நாங்களும் போயிருந்தோம். கமக்காரர் அமைப்புக்களின் தலைவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். வாய்க்கால் துப்புரவு, கட்டாக்காலி மாடு, விதைப்பு முடிவுத் திகதி எல்லாம் காரசாரமாகப் பேசப்பட்டன. உண்மையில் அந்தப் போகம் விதைக்கப் போகிற மேட்டுக் கிராமத்து ஆண்கள் ஐந்தாறு பேர் மண்டபத்துக்கு வெளியே, சைக்கிள்களில் சாய்ந்தபடி, யன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். உள்ளே வர வேண்டாமென்று யாரும் மறிக்கவுமில்லை, வரச் சொல்லி அழைக்கவுமில்லை. ஏன் வெளியே நிற்கிறீர்கள் என்று ஒருவரிடம் கேட்டதற்கு, "நமக்கு அங்க கை தூக்க ஏலாதுங்க ஐயா, தேதி மட்டும் தெரிஞ்சா போதும்" என்றார்.

கடனைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. இரு கிராமங்களும் கடனில் இருந்தன. ஒன்றின் கடன் போகத்துக்கு ஒருமுறை தீர்வது. மற்றதன் கடன் ஒவ்வொரு கிழமையும் வீட்டு வாசலில் வந்து நிற்பது. 2018இல் வறட்சி மாவட்டங்களின் பெண்களுக்கு 100,000 ரூபா வரையான நுண்கடன்களை அரசு தள்ளுபடி செய்தபோது ஆறுதல் பெற்றவர்களில் சிலர், வேறு பெயர்களில் மறுபடியும் அதே வட்டத்துக்குள் வந்திருந்தனர்.

சமூக நலத்தில் கணக்கு நேர்கோட்டில் போகவில்லை என்பதே எங்களுக்கு எதிர்பாராததாக இருந்தது. வாய்க்கால் கிராமத்தில் கல்வீடுகள் உண்டு, மதில் உண்டு, குழாய்க் கிணறு உண்டு. ஆனால் பல வீடுகளில் முதியவர் ஒருவரோ இருவரோ மட்டும் இருக்கிறார்கள். பிள்ளைகள் கொழும்பிலும் வெளிநாட்டிலும். இரவில் நெஞ்சு நோவென்றால் ஓட்டோ பிடித்துத் தர ஆளில்லை. காணி அனுமதிப்பத்திரத்தை விதிப்படி துண்டாட முடியாததால், அது செத்துப்போன தகப்பன் பெயரிலேயே கிடக்க, சகோதரர்கள் வாயளவில் பிரித்துச் செய்து மனஸ்தாபப்பட்ட வீடுகளும் உண்டு. பின்னுரித்தாளரை நியமிக்காமல் இறந்தால் ஆண்பிள்ளைக்கே முதலிடம் என்றிருந்த காணிச் சட்டத்தின் அட்டவணை 2022இல்தான் திருத்தப்பட்டது. அதற்கு முன் விலகிப் போன பெண்பிள்ளைகளின் கதை தனி. குடாநாட்டிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் ஒரே நிலையில் வரவுமில்லை. சாதியால் தள்ளி வைக்கப்பட்டு, பெரிய கமக்காரரின் பின்னால் கூலியாக வந்த குடும்பங்கள் வாய்க்காலின் கடைசி மதகுக்கு அப்பால் இன்றும் தனியே இருக்கின்றன. கூட்டங்களில் அது பற்றிப் பேச்சு எழுவதில்லை.

மேட்டுக் கிராமத்தில் வீடு தகரம். ஆனால் வீட்டில் ஆள் உண்டு. பெண்களின் சீட்டுகள் ஒழுங்காக நடக்கின்றன. செத்த வீட்டுக்கு அன்றே காசு சேர்கிறது. பெண்பிள்ளைகள் உயர்தரம் வரை படிப்பது ஒரு தலைமுறைக்குள் வழக்கமாகிவிட்டது. பையன்கள் பதினாறில் நின்றுவிடுகிறார்கள். பாடசாலையில் இரு கிராமப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்கிறார்கள். காதலித்துக் கலியாணம் முடித்த சோடிகளும் உண்டு. அவற்றில் சில வீடுகளில் பேரப்பிள்ளை பிறந்த பின்தான் வாசல் திறந்தது. மலையகத்தவரை இழித்துச் சொல்லும் தோட்டக்காடு என்ற ஏச்சு சண்டையில் இன்னும் எழுகிறது. நல்வாழ்வென்று எதை அளந்தாலும் இதை அதன் வெளியே வைக்க முடியாது.

நெருங்கிப் பார்த்த இரு வீடுகள்

மேட்டுக் கிராமத்தில் ஐம்பது வயதை நெருங்கும் ஒரு தாயின் வீட்டில், பிஸ்கற் பேணி ஒன்றுக்குள் குடும்பத்தின் கடதாசிகள் எல்லாம் இருக்கின்றன. தாயின் தாய்க்குத் தோட்டத்தில் பதிந்த பிறப்புச் சாட்சிப்பத்திரம், குடியுரிமைச் சான்று, முகாமில் கொடுத்த குடும்ப அட்டை, மீள்குடியேற்றப் பதிவு, மின்பட்டியல், வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு ஆட்களுக்கு எழுதிய விண்ணப்பங்களின் பிரதிகள். காணிக் கடதாசி ஒன்று மட்டும் அதில் இல்லை. கொட்டில் நிற்கும் கால் ஏக்கர், கனடாவிலிருக்கும் ஒருவருடையது. கணவர் வாய்க்கால் கிராமத்தில் இரண்டு ஏக்கர் வயலைக் குத்தகைக்குச் செய்கிறார். 2018 டிசம்பர் வெள்ளத்தில் அந்த வயல் முழுதாக அழிந்தது; நட்டஈடு பதிவேட்டிலிருந்த பெயருக்குப் போனது. குத்தகை நெல்லை மட்டும் உரித்தாளர் அந்த முறை கேட்கவில்லை. அதை அவர் செய்த பெரிய உதவியாகவே அந்தத் தாய் சொன்னார். விதைக்கு வாங்கிய கடனை அடைக்க எடுத்த கிழமைக் கடன் அன்றிலிருந்து பெயர் மாறி மாறித் தொடர்கிறது.

அந்த வயலின் உரித்தாளர், எழுபது கடந்த ஒரு முதியவர். அனுமதிப்பத்திரம் இறந்த தகப்பனின் பெயரில். மூன்று சகோதரர்; இருவர் வெளிநாட்டில், கையெழுத்துக்கு இணங்கவில்லை. மனைவி இல்லை. பகலில் சோறு கொண்டுவந்து கொடுப்பவர் மேட்டுக் கிராமத்து அந்தத் தாயே. அதற்குக் காசு பேசப்படவில்லை. குத்தகையைப் பதிவு செய்து கொடுக்கலாமே என்று நாங்கள் கேட்டபோது, "அவை நல்ல சனம் தம்பி, அதில பிழை சொல்லேல்லை. ஆனா என்ர பேரிலயே இல்லாத காணியை நான் எப்படி எழுதிக் குடுக்கிறது?" என்று திருப்பிக் கேட்டார். இந்தக் கேள்விக்குப் பிறகு எங்கள் எண்ணம் ஓரளவு மாறியது. மேட்டுக் கிராமத்தின் காணியின்மையையும் வாய்க்கால் கிராமத்தின் பழைய பத்திரச் சிக்கலையும் தனித்தனிக் கோவைகளாகப் பார்த்துத் தீர்க்க முடியாது.

எடுத்த முடிவுகள்

நிர்வாகசபைக்கு நாங்கள் கொடுத்த அறிக்கையில் எந்தச் சமூகம் கூடுதல் வறியது என்ற ஒற்றை வரி இருக்கவில்லை. அதை வேண்டி நின்ற அங்கத்தவர்களுக்கு அது திருப்தியாகவும் இல்லை. மாத வருமானத்தில் பெரிய வேறுபாடு இல்லை. இழப்பொன்று வந்தால் தாங்கி எழும்ப உதவும் காணி, நீர்ப்பங்கு, பதிவு, வங்கிக் கடன் ஆகிய நான்கிலும் மேட்டுக் கிராமம் வெகுவாகப் பின்தங்கியிருக்கிறது. முதியோர் பராமரிப்பிலும் பின்னுரித்துத் தகராறுகளிலும் வாய்க்கால் கிராமம் நொந்திருக்கிறது என்று எழுதினோம். அதன் மேல் சபை சில முடிவுகளை எடுத்தது.

கடனுக்குக் காணிப் பத்திரப் பிரதி வைக்க வேண்டும் என்ற விதி நீக்கப்பட்டு, ஐவர் குழுவின் பரஸ்பரப் பிணை போதும் என்றாயிற்று. காணி இல்லாதவரிடம் காணிப் பத்திரம் கேட்பது, அவரைக் கிழமைக் கடன்காரரிடம் நாமே அனுப்பி வைப்பதற்குச் சமம் என்ற வாதம் இதில் எடுபட்டது. கடன் திருப்பும் தவணை, கூலிக் குடும்பங்களுக்கு நவம்பர், டிசம்பர் மாதங்களில் நிறுத்தி வைக்கப்பட்டது. கமக்காரருக்கு அறுவடையோடு இணைக்கப்பட்டது. சபையில் மேட்டுக் கிராமத்துக்கு இரு இடங்கள் ஒதுக்கப்பட்டன, ஒன்று பெண்ணுக்கு.

நான்காவது முடிவுதான் நீண்ட விவாதத்துக்கு உள்ளானது. ஒரு போகத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் எழுத்து மூலக் குத்தகை உடன்பாடு ஒன்றைச் சங்கமே சாட்சியாக நின்று எழுதுவிப்பது, வெள்ளமோ வறட்சியோ வந்து நட்டஈடு கிடைத்தால் அதை இருவரும் எப்படிப் பிரிப்பது என்று அதில் முன்கூட்டியே குறிப்பது என்பதே முன்மொழிவு. "இண்டைக்குக் கடதாசி எழுதுவினம், நாளைக்குக் காணி எங்கட எண்டுவினம்" என்று மூத்த அங்கத்தவர் ஒருவர் எழுந்து சொன்னார். அந்த அச்சம் பொய்யானதல்ல; சட்டம் செய்கையாளருக்குப் பாதுகாப்புக் கொடுக்கிறது என்பது இரு பகுதியாருக்கும் தெரியும். முடிவில், கட்டாயமின்றி, விரும்பியவர்கள் மட்டும் என்று ஏற்கப்பட்டது. சட்டத்தின் கீழான முறையான பதிவை இது எவ்வகையிலும் தடுக்காது என்ற வரியைச் சேர்க்கும்படி நாங்கள் வற்புறுத்தினோம். அந்த வரியினாலேயே கையெழுத்திட மறுத்தவர்களும் உண்டு. இருந்தாலும் அந்த வரி இல்லாமல் எழுதுவது குத்தகைக்காரரின் உரிமையைச் சங்கத்தின் கையால் பறிப்பதாகியிருக்கும்.

இவற்றுக்குப் புறம்பாக, பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவை அழைத்து ஒரு நடமாடும் சேவை நடத்துமாறு இரு கிராமங்களின் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் சேர்ந்து கேட்டன. பின்னுரித்து மாற்றத்துக்கு வாய்க்கால் கிராமமும், புதிய அனுமதிப்பத்திரத்துக்கு மேட்டுக் கிராமமும் ஒரே விண்ணப்பத்தில் கையெழுத்திட்டது, எங்களுக்குத் தெரிந்தவரை, இதற்கு முன் நடந்ததில்லை.

பின்னர் நடந்தவை

குழுப்பிணைக் கடன் நன்றாகவே ஓடுகிறது. மழைக்காலத் தவணை நிறுத்தம் சங்கத்தின் காசோட்டத்தைக் குலைக்கும் என்று பொருளாளர் பயந்தார். ஜனவரியில் தாமதமின்றிக் காசு வந்ததும் பயம் தணிந்தது. ஆனால் கிழமைக் கடன் ஒழியவில்லை. சங்கம் கொடுக்கும் தொகை சிறியது. மகளின் கலியாணத்துக்கும் மகனை வெளிநாடு அனுப்பவும் அது போதாது. சில வீடுகளில் சங்கக் கடன் கிழமைக் கடனின் ஒரு தவணையைக் கட்டவே போனது.

குத்தகை உடன்பாட்டைச் சிலரே எழுதினர். எழுதியவர்களில் பெரும்பாலோர் தாமே காணியில் வாழும், பத்திரம் தம் பெயரில் உள்ள கமக்காரர்கள். வெளிநாட்டு உரித்தாளர் எவரும் இணங்கவில்லை. பதிவு செய்யக் கேட்டதற்காக அடுத்த போகம் வயலை வேறு ஆளுக்குக் கொடுத்த சம்பவமும் நடந்தது. அந்தக் குடும்பத்துக்கு வேறு துண்டு தேடிக் கொடுப்பதில் சபையின் இரு பகுதி அங்கத்தவரும் ஓடித் திரிந்தார்கள்.

நடமாடும் சேவை நடந்தது. பின்னுரித்துக் கோவைகள் விரைவாக நகர்ந்தன. சோறு வாங்கி உண்ணும் அந்த முதியவரின் சகோதரர்கள் தூதரகம் வழியாகச் சத்தியக் கடதாசி அனுப்பினார்கள். அரச காணியில் இருந்த மேட்டுக் கிராமத்துக் குடும்பங்களில் ஒரு பகுதிக்கு அளவை முடிந்து அனுமதிப்பத்திரம் கிடைத்தது. தனியார் காணியில் இருந்தவர்களுக்குக் காணிப் பிரிவு எதுவும் செய்ய இயலாதென்று கூறியது. காடென்று குறிக்கப்பட்ட பகுதியின் கோவை, எல்லைக் கல் யார் போட்டது என்ற கேள்வியோடு ஒரு திணைக்களத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய் நிற்கிறது.

2023இல் வறியோருக்கான அரச உதவித்திட்டமான சமுர்த்தியின் இடத்துக்கு அஸ்வெசும என்ற புதிய திட்டம் வந்தபோது எங்கள் அனுபவம் ஓரளவு உதவியது. படிவத்தில் சொத்து, வீடு, கல்வி என்று பல குறிகாட்டிகள் கேட்கப்பட்டன. கணக்கெடுக்க வந்தவர்களிடம் எந்தக் காணி சொந்தம், எது குடியிருப்பு மட்டும் என்பதைப் பிரித்துச் சொல்லும்படி மேட்டுக் கிராமத்துப் பெண்கள் முன்கூட்டியே தயாராக இருந்தார்கள். அப்படியிருந்தும் விடுபட்ட வீடுகள் உண்டு. மேன்முறையீடு எழுதிக் கொடுத்தவர்களில் வாய்க்கால் கிராமத்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரும் இருந்தார்.

கூட்டத்துக்கு வெளியே நின்றவர்களில் இருவர் இப்போது சபையில் இருக்கும் அங்கத்தவரோடு உள்ளே வந்து அமர்கிறார்கள். வாக்களிக்கும் உரிமை இன்னும் இல்லை. சென்ற சிறுபோகக் கூட்டத்தில் விதைப்புத் திகதி பற்றி ஒருவர் கேள்வி கேட்டார், பதில் சொல்லப்பட்டது.

இனிச் செய்வதாயின் மாற்ற வேண்டியவை

கணிப்பை அறுவடைக் காலத்தில் ஒருமுறையும் டிசம்பரில் ஒருமுறையும் எடுக்க வேண்டும்; ஒன்றை மட்டும் எடுப்பதாயின் டிசம்பரே நல்லது. குடும்பத் தலைவரை மட்டும் கேட்காமல் வீட்டில் உழைக்கும் ஒவ்வொருவரையும், இயன்றால் தனித்தனியே, கேட்க வேண்டும். வெளிநாட்டுக் காசை வருமானமென்று கேட்டால் பதில் வராது. சென்ற நோய்க்கும் சென்ற கலியாணத்துக்கும் காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் தானாக வெளிவரும்.

சமூகத்தின் பெயரால் வரிசைப்படுத்துவதை நாங்கள் இனிச் செய்ய மாட்டோம். வாய்க்காலின் கடைசி மதகுக்கு அப்பால் இருக்கும் குடும்பங்கள் குடாநாட்டிலிருந்து வந்தவர் என்ற ஒரே காரணத்தால் நல்ல நிலையில் இருப்பவரோடு சேர்த்து எண்ணப்பட்டன. அவர்களின் நிலை மேட்டுக் கிராமத்தோடுதான் ஒத்துப்போகிறது. காணி யார் பெயரில், நீர்ப்பங்கு யார் பெயரில், நட்டஈடு வந்தால் யார் கைக்கு என்ற மூன்று கேள்விகளையும் வீட்டுக்கு வீடு கேட்டால், சமூகப் பெயரைக் கேட்காமலே வேறுபாடு தெரிந்துவிடும். புதிய படிவத்தில் அவை முதற்பக்கத்தில் இடம்பெற்றுள்ளன.

தனியார் காணியில் இருப்பவர்களுக்கு, உரித்தாளர்களோடு நேரடியாகப் பேசி விலைக்கு வாங்குவதொன்றே மிஞ்சியிருக்கும் வழி. வெளிநாட்டில் இருக்கும் உரித்தாளர்களில் இருவர், சங்கம் இடையில் நின்றால் தவணைக்கு விற்கத் தயாரென்று அறிவித்திருக்கிறார்கள். அந்தக் காணிகளின் உறுதிப் பத்திரங்களைத் தேடும் வேலை நடக்கிறது. விலை பற்றிய பேச்சு, வரும் காலபோக அறுவடைக்குப் பிறகு, கையில் காசு இருக்கும் மாதத்தில் வைக்கப்பட்டுள்ளது.